மூக்கு லாரிக்கு முன்பட்டை மாற்றிய கதை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பால்காரர் தண்ணீர் கலந்தாலும் திட்டுவேன், கலக்காத பாலை நேரம் கழித்துக் கொண்டுவந்தாலும் திட்டுவேன். என் வீட்டுக்காரர் மட்டும் இதற்கெல்லாம் அசைய மாட்டார். அவர் என் அத்தை மகன். சின்ன வயதிலிருந்து பாவா என்றும் நீ என்றும் கூப்பிட்டுப் பழகியவள், கல்யாணமான பிறகும் மாற்றிக்கொள்ளவில்லை. நான் வாசலில் நின்று கத்திக்கொண்டிருப்பேன். அவர் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருப்பார். நான் ஓய்ந்ததும் தலையை மட்டும் வெளியே நீட்டி, "முடிஞ்சுதா? காப்பி கீதா?" என்று காப்பி கேட்பார்.

அந்த மனிதர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, வாயே திறக்காமல் கிடந்த மாதங்களைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் லாரியைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. முதலில் லாரி.

எங்களுடையது மூக்கு லாரி. இப்போது ஓடுகிற லாரிகளுக்கு முகம் தட்டை. இதற்கு இஞ்சின் முன்பக்கம் தனியாக நீண்டிருக்கும், அதன் மேல் பானெட் மூடியிருக்கும், அதற்குப் பின்னால்தான் டிரைவர் சீட்டு. என் அப்பா, நாங்கள் நைனா என்போம், அவர் வாங்கியது. அவருக்குப் பிறகு சாவி பாவா கைக்கு வந்தது. பொதட்டூர்பேட்டைத் தறிவீடுகளில் லுங்கிக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு திருத்தணி பார்சல் ஆபீசில் இறக்குவதுதான் வேலை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் சாலையை அடைத்துக்கொள்ளும் நாட்களில் மட்டும் லாரிக்கு ஓய்வு. அந்த நாட்களில் அதைக் கழுவித் துடைப்பார், தான் குளிக்க மறந்துவிடுவார். அதற்கும் நான் திட்டியிருக்கிறேன்.

அந்த லாரி ஒரு கல்லில் ஏறினால்கூட இடுப்பு வரைக்கும் தெரியும். முன்சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். பள்ளத்தில் இறங்கும்போது அந்தப் பட்டைகள்தான் வளைந்து கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் லாரியில் அவை துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டன. வாங்க வேண்டிய அதிர்ச்சியை எல்லாம் பாவாவின் முதுகெலும்பு வாங்கிக்கொண்டது. ஒருநாள் காலையில் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை.

திருவள்ளூரில் எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, முதுகெலும்பில் தட்டு விலகியிருக்கிறது என்றார். மாதக்கணக்கில் ஓய்வு, மாத்திரை, உடற்பயிற்சி. வலி குறைந்த பிறகு மறுபடி போனோம். "வண்டி ஓட்டலாங்க. ஆனா குலுக்கல் ஆகாது. அந்தப் பழைய லாரியை மறந்துடுங்க," என்றார். பாவா தலையை ஆட்டிக்கொண்டார். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார்.

சொந்தக்காரர் ஒருவர் தன் சின்ன லோடு வண்டியைக் கொடுத்து, இதை ஓட்டுங்கள், மெத்தென்று இருக்கும் என்றார். பாவா ஏறி உட்கார்ந்தார், ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்தார், இறங்கிவிட்டார். "வேணாம்," என்றார். அன்றைக்குப் படுத்தவர்தான். வலி குறைந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார், இவர் எழுந்திருக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். உடம்பு இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்தபடி நடந்து வருவார், சாப்பிடுவார், போய்ப் படுப்பார். இன்னும் வலிக்கிறது போலிருக்கிறது, அதனால்தான் சாய்ந்து நடக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் திட்டிப் பார்த்தேன். அவர் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார். ஒருநாள் மட்டும் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "லாரியை இரும்புக்கு வெட்டறவனுக்குக் குடுத்துடு. நின்னுகினு துருப்பிடிக்கறத்துக்கு அதுவே மேல்."

லாரியைச் சொல்கிறாரா, தன்னைச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். அழுகை வந்தால் நான் அப்படித்தான் செய்வேன்.

மறுநாள் கனகம்மாசத்திரத்துக்குப் பஸ் ஏறினேன். திருப்பதி ரோட்டு ஓரம் ஷெட் போட்டிருக்கும் மெக்கானிக் எங்கள் லாரியை நன்றாக அறிந்தவன். கையைவிட வாய் அதிகம் வேலை செய்யும். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் தீர்ப்பே எழுதிவிட்டான்.

"அக்கா, குலுக்கறது மொத்தமும் முன்பக்கம்தான். அந்தப் பட்டைக்கட்டைக் கழட்டிக் கடாசிட்டு, புது லாரிக்குப் போடற பட்டை போட்டுடலாம். எண்ணிக்கை கம்மி, நடுவுல தடிசு, ஓரத்துல மெலிசு. கூடவே ஷாக் அப்சார்பரும் மாத்திட்டா அண்ணன் தூங்கிகினே ஓட்டலாம்."

"தூங்காம ஓட்டினா போதும்," என்றேன்.

டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். குலுக்கல் நிஜமாகவே குறைந்தால் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கட்டும் என்றார். வீட்டுக்கு வந்து கட்டில் பக்கத்தில் நின்றேன்.

"பாவா, லாரிக்கு முன்பட்டை மாத்தப் போறேன்."

"சரியா வரலன்னா?" என்று சுவரைக் கேட்டார்.

"வரலன்னா நீ சொன்ன மாதிரி வெட்டறவனுக்கே குடுத்துடறேன். அதுக்கப்புறம் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்றதை அவர் நம்பினாரோ என்னவோ, என் பக்கம் திரும்பிப் படுத்தார். "வெள்ளிக்கெழம முடிக்கச் சொல்லு. பத்தரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னாடி சக்கரம் தரையில படணும். நானும் வரேன்."

பல வாரங்களில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். அவர் ராகு காலம் சொன்னால் என்ன, எமகண்டம் சொன்னால் என்ன, எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் பெரிய வேலை முடிந்து வண்டி ஜாக்கியிலிருந்து இறங்குவது ஒரு சடங்கு. சக்கரம் தரையைத் தொடும்போது நல்ல நேரமாக இருக்க வேண்டும், முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்க வேண்டும், தேங்காய் உடைய வேண்டும். மெக்கானிக்கும் கூட இருந்தவரும் இரண்டு நாளாக லாரியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி வைத்து வேலை செய்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் பாவா ஆட்டோவில் வந்து ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சவரம் செய்திருந்தார். கையில் கடிகாரம் கட்டியிருந்தார். பட்டைகளை மாட்டியாகிவிட்டது, போல்ட்டுகளை முடுக்க வேண்டியதுதான் பாக்கி. அவர் கடிகாரத்தைப் பார்ப்பார், மெக்கானிக்கைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு முன்னால் மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பேசுவதைக்கூட நிறுத்திவிட்டு முடுக்கினான்.

நேரத்துக்குள் முடிந்தது. ஜாக்கியை இறக்கினார்கள், பழம் நசுங்கியது, நான் கற்பூரம் காட்டினேன். எல்லோரும் தள்ளி நின்று பார்த்தோம். லாரியின் மூக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

"புதுப் பட்டை, அப்படித்தான் இருக்கும். ஓட ஓட ஒக்காந்துடும்," என்றான் மெக்கானிக்.

பாவா கம்பியைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். திருத்தணிப் பக்கம் திருப்பினார். முதல் வேகத்தடையில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். லாரி தொட்டில் மாதிரி ஏறி இறங்கியது. குலுக்கலே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு கையாலும் இழுத்தார்.

எங்கள் ஊரான திருத்தணிக்குள் நுழையும்போது கோயில் மலை எதிரே வந்தது. அவர் ஓரங்கட்டி நிறுத்தினார்.

"சாமி மலை தெரியுது. ரோடு தெரியல," என்றார். "மூக்கு தூக்கிகினு கீது, ஸ்டியரிங் கல்லா கீது. முன்னாடி எவனாச்சும் கொழந்தையைக் கூட்டிகினு போனாகூட எனக்குத் தெரியாது."

சாவியைக் கழற்றி என் மடியில் வைத்தார். இறங்கி, இடது பக்கம் சாய்ந்தபடி வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். லாரியை வேறு ஒருவர் கொண்டுவந்து வாசலில் விட்டார்.

பிறகு நடந்தது எனக்கு நினைக்கவே பிடிக்கவில்லை. லாரி வாசலில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. எதிர்வீட்டுக்காரர், "இன்னாம்மா, உங்க லாரி ஆகாசத்துக்குக் கெளம்பிடுச்சா?" என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பாவா கட்டில் பக்கத்து ஜன்னலைச் சாத்தச் சொன்னார். அந்த ஜன்னல் வழியாகத்தான் லாரி தெரியும்.

மெக்கானிக்குக்குத் தினமும் போன் போட்டேன். ஒக்காந்துடும் அக்கா, ஒக்காந்துடும் அக்கா என்றான். மணல் மூட்டை ஏற்றி நிறுத்திப் பார் என்றான். பார்த்தேன். மூக்கு இறங்கவில்லை. ஒரு பட்டையை எடுத்துவிடலாமா என்றான். அவ்வளவுதான், அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய் அவன் ஷெட்டில் நின்றேன்.

"ஏன்டா தம்பி, இருக்கறதே நாலு பட்டை. அதுல ஒண்ணை எடுத்துட்டா மறுபடியும் குலுக்காதா? அந்த மனுஷன் அன்னிக்குச் சவரம் பண்ணிகினு வந்து ஒக்காந்தாரு. ராகு காலத்துக்கு முன்னாடி சக்கரம் எறங்கணும்னு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. அதுக்காகத் தொங்கிகினு இருந்த சக்கரத்தோட போல்ட்டை எல்லாம் பேய் பிடிச்ச மாதிரி முடுக்கினியே, ஒழுங்கா முடுக்கினியா இல்லியா?"

நான் திட்டுவதற்குத்தான் சொன்னேன். அவன் முகம் மாறியது. கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"அக்கா, இன்னா சொன்னீங்க? தொங்கிகினு இருந்த சக்கரமா?"

நெற்றியில் அடித்துக்கொண்டான். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னான். பட்டையின் இரண்டு முனையும் லாரியின் அடிச்சட்டத்தோடு சேரும் இடத்தில் புஷ் என்கிற ரப்பர் உருளை இருக்கிறது. சக்கரம் தரையில் நின்று, லாரியின் பாரம் பட்டையை அழுத்திய பிறகுதான் அந்த முனை போல்ட்டுகளைக் கடைசியாக முடுக்க வேண்டும். சக்கரம் காற்றில் தொங்கும்போது முடுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே கவ்விக்கொள்ளும். பட்டை இறங்கப் பார்த்தாலும் அது விடாது.

"எனக்குத் தெரியாததா அக்கா இது? எறக்கிட்டுத்தான் எப்பவும் முடுக்குவேன். அன்னிக்கு எறக்கிட்டு முடுக்கினா ராகு காலம் வந்துடும். வேலை முடியாம சக்கரம் தரையில படக்கூடாதுன்னு மேலயே முடுக்கிட்டேன். அண்ணன் வாயைத் தொறந்து கேட்டதே அது ஒண்ணுதான். எப்படி மாட்டேன்றது?"

அவனிடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். பக்கத்து டீக்கடைக்காரரிடம் சொல்லி அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அவன் சொன்ன யோசனைப்படி, கனகம்மாசத்திரத்தில் லாரிகளை எடை போடும் மேடையில் வைத்துச் சரிபார்ப்பது என்று முடிவானது. ஷெட் தரையும் சரிவு, ரோடும் சரிவு, அந்த மேடை ஒன்றுதான் மட்டமாக இருக்கும். மத்தியானம் கூட்டம் இருக்காது, மேடைக்காரர் விடுவார். எப்போதும் ஏற்றுகிற அளவுக்கு லுங்கிக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு போக வேண்டும், அப்போதுதான் நிஜமான உயரம் தெரியும். லாரியை அன்றைக்கு வாசலில் விட்டவரே ஓட்டிக்கொண்டு போவார். எல்லாம் சரி. பாவாவை எப்படிக் கூட்டிப்போவது?

நான் ஒரு பொய் சொன்னேன். "வெட்டறவன் எடை பாக்கணுமாம். நீ வந்து நில்லு. எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றேன்.

அவர் எழுந்தார். குளித்தார். பீரோவிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார், கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடுகிற சட்டை. இந்த வேலை மட்டும் சரியாக வரவில்லை என்றால் இந்த மனிதர் இனிமேல் கட்டிலைவிட்டு எழமாட்டார் என்று நன்றாகத் தெரிந்தது.

மேடைக்கு வந்து, லாரியில் லுங்கிக் கட்டுகளையும் அடியில் படுத்திருந்த மெக்கானிக்கையும் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. "வெட்டறவன் எங்க?" என்றார்.

"வரல. வரவும் மாட்டான்," என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபித்துக்கொண்டு போய்விடுவாரோ என்று பயந்தேன். போகவில்லை. குனிந்து, மெக்கானிக் என்ன செய்கிறான் என்று பார்த்தார்.

மெக்கானிக் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினான். கடைசிப் போல்ட் தளர்ந்தபோது லாரி ஒரு பெருமூச்சு விட்டது, நிஜமாகவே அப்படித்தான் கேட்டது. மூக்கு மெல்ல இறங்கியது. பிறகு அந்த நிலையிலேயே முடுக்கினான். அச்சிலிருந்து சட்டம் வரைக்கும் இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்தான். வலது பக்கம், அதாவது டிரைவர் பக்கம், கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

"இது இன்னிக்கு வந்ததில்ல அக்கா. பழைய பட்டையிலயே அந்தப் பக்கம் ரொம்ப வருஷமா எறங்கித்தான் இருந்துச்சு. டீசல் டேங்கும் அந்தப் பக்கம், அண்ணனும் அந்தப் பக்கம். சட்டமும் அதுக்கேத்த மாதிரி பழகிடுச்சு."

வலது பக்கப் பட்டைக்கு அடியில் ஒரு இரும்புத் தகடு வைத்து உயரத்தைச் சரிக்கட்டினான். பம்பர் மேல் கொத்தனார் வைக்கிற ரசமட்டத்தை வைத்தான். குமிழி நடுவில் நின்றது. மறுபடியும் அளந்தான். இரண்டு பக்கமும் ஒரே அளவு.

"ஏறுங்க ணா," என்றான்.

பாவா ஏறினார். ஸ்டியரிங்கை அசைத்துப் பார்த்தார், ஒரு கையால் அசைந்தது. முன்னால் பார்த்தார். "ரோடு தெரியுது," என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அடுத்த நிமிஷமே புருவத்தைச் சுருக்கினார்.

"சாயுதே."

"எந்தப் பக்கம் ணா?"

"எடது பக்கம். நல்லாவே சாயுது. தகடு ஜாஸ்தி ஆயிடுச்சு."

மெக்கானிக் மறுபடியும் அளந்தான். ரசமட்டத்தை சீட்டின் மேலேயே வைத்துக் காட்டினான். குமிழி நடுவில்தான் நின்றது. "ணா, மட்டம் பொய் சொல்லாது ணா."

"நான் பொய் சொல்றேனா? இந்த வண்டியில நான் எவ்ளோ காலமா ஒக்காந்துகினு கீறேன். சாயுதுன்னா சாயுது."

குரல் உடைந்துவிட்டது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். இது கடைசி வாய்ப்பு என்று அவரும் நினைத்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னைவிட அவருக்குத்தான் ஆசை அதிகமாக இருந்திருக்கிறது, அதை மறைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். மெக்கானிக் சலித்துப்போய், "சரி, தகடை எடுத்துடறேன்," என்று ஜாக்கியைத் தேடினான்.

நான் என்ன செய்வது என்று தெரியாமல் லாரிக்கு முன்னால் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் லாரியின் முகம் முழுவதும் தெரிந்தது. பம்பர் நேர். பானெட் நேர். கண்ணாடிச் சட்டம் நேர். கண்ணாடிக்குப் பின்னால் பாவா உட்கார்ந்திருந்தார். தலையும் தோளும் அவருடைய இடது பக்கம் சாய்ந்திருந்தன.

அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷமாக வலது பக்கம் இறங்கிய லாரியில், விழாமல் இருக்க இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். நேராகத்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவர் உடம்பு நம்பிவிட்டது. வலியால் சாய்ந்து நடக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததும் இதுதான். அவர் பொய் சொல்லவில்லை, மட்டமும் பொய் சொல்லவில்லை.

'வண்டி நேராத்தான் கீது, நீதான் கோணலா கீற' என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வழக்கமாக என் நாக்கு நுனிக்கு வந்தது எதுவும் திரும்பி உள்ளே போனதில்லை. அப்போது கண்ணாடி வழியாக அவர் என்னைப் பார்த்தார். வெள்ளைச் சட்டை, ஸ்டியரிங்கை விடாத கை. வண்டி சரியாகிவிட்டது, நீதான் கெட்டுப்போய்விட்டாய் என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் சாவியை என் மடியில் வைத்துவிட்டு நடந்துவிடுவார். நான் வார்த்தையை விழுங்கினேன்.

"தம்பி, தகடு இருக்கட்டும்," என்றேன். "சீட்டுதான் பழசு. எடது பக்கம் பஞ்சு அமுங்கிப் போயிருக்கும். மட்டத்தை வெச்சா தெரியாது, ஆள் ஒக்காந்தாத்தான் தெரியும்."

மெக்கானிக் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

கேபினில் எப்போதும் ஒரு பச்சைக் கட்டம் போட்ட லுங்கி கிடக்கும். லாரிக்கு அடியில் படுக்கும்போது பாவா அதைத்தான் கட்டிக்கொள்வார். அதை எடுத்துத் தடிமனாக மடித்து, சீட்டில் அவருக்கு இடது பக்கம் வரும்படி வைத்தேன். "இப்ப ஒக்காந்து பாரு பாவா."

உட்கார்ந்தார். தோளை அசைத்துப் பார்த்தார். கண்ணை மூடித் திறந்தார். "ஆங். இப்ப சரி."

அன்றைக்கு அவரே ஓட்டிக்கொண்டு வந்து பார்சல் ஆபீசில் கட்டுகளை இறக்கினார். வழி நெடுக ஒவ்வொரு பள்ளத்தையும் எனக்குக் காட்டி, "பாத்தியா, தெரியவே இல்ல பாத்தியா," என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டரிடம் மட்டும் தனியாகப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நேராக்கலாம், ஒரேயடியாகச் செய்யாதீர்கள் என்றார். பயிற்சிகளையும் மாற்றிக் கொடுத்தார். நான் அதன்படியே நடந்தேன். பாவா தூங்கும்போதோ குளிக்கும்போதோ லாரியில் ஏறி, லுங்கியின் மடிப்பில் ஒன்றைப் பிரித்துவிட்டு மறுபடி வைப்பேன். சில நாள் பொறுத்து இன்னொன்று. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவரைக் கவனிப்பேன். சாயுது என்று ஒருநாளும் சொல்லவில்லை. நான் பெரிய கெட்டிக்காரி என்று எனக்குள் ஒரே பெருமை.

போன மழைக்காலம் முடிந்த சமயம் ஒருநாள் காலையில் வழக்கம்போல லாரியில் ஏறினேன். ஒரே ஒரு மடிப்புதான் பாக்கி இருந்தது, அதை எடுத்துவிட்டால் முடிந்தது. சீட்டைப் பார்த்தேன். லுங்கியைக் காணோம். சீட்டுக்கு அடியில் தேடினேன், பின்னால் தேடினேன், இல்லை. பதறிப்போய் இறங்கினேன். லாரிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பச்சைக் கட்டம் போட்ட லுங்கி அந்தக் கால்களின் மேல் இருந்தது.

"பாவா, அந்த லுங்கியை எதுக்கு எடுத்தே? இடுப்பு இன்னா இரும்பா, தரையில படுத்துகினு கீறே?"

கிரீஸ் வைக்கும் சத்தம் நின்றது. அவர் தலையை வெளியே நீட்டினார்.

"நான் ஓட்டறப்போ அது சீட்டுல இல்லாம ரொம்ப நாளாச்சு. நான் ஏறினதும் எடுத்துப் பின்னாடி போட்டுடுவேன், எறங்கறப்போ மறுபடியும் வெச்சிடுவேன். நீ மடிப்பு எடுக்கணும் இல்ல, அதுக்கு."

நான் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். எடை மேடையில. நீ முன்னாடி வந்து நின்னு கண்ணாடி வழியா என்னைப் பாத்தே. பாத்துட்டு வாயைத் தொறந்தே, மூடிட்டே." எழுந்து உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டார். நேராக உட்கார்ந்திருந்தார். "கல்யாணம் ஆனதுலருந்து நீ திட்ட வந்து திட்டாம போனது அந்த ஒரு தடவைதான். அப்பவே புரிஞ்சிபோச்சு, கோணல் வண்டியில இல்லன்னு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ சொல்லலியே."

எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். வாசலிலிருந்து அவர் குரல் வந்தது.

"முடிஞ்சுதா? காப்பி கீதா?"